சமமாகத் தேய்த்த கல்

செவ்வாய்க்கிழமை மத்தியானம். மலைமேல் கோயிலில் மொட்டை போட்டுக்கொள்ள வரிசை நீண்டு கிடக்கும் நாளில்தான் மலைக்குக் கீழே இருக்கும் சலூன்களுக்கெல்லாம் விடுமுறை. ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டு, கடைக்குள் தனியாக உட்கார்ந்து, மகளுடைய கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சவரக்கத்திக்கு மை தீட்டிக்கொண்டிருந்தான் பூபாலன். கல்யாணப் பெண்ணின் கண்ணுக்குக்கூட அவ்வளவு கவனமாக யாரும் மை வைத்திருக்க மாட்டார்கள். கூர் ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்கு, பிடியை ஒட்டிய அடியிலிருந்து நுனி வரைக்கும், இரண்டு பக்கமும். யாராவது குனிந்து உள்ளே எட்டிப் பார்த்திருந்தால், இவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

மை காய்ந்ததும் கல்லின் மேல் தண்ணீர் தெளித்தான். கத்தியைப் படுக்கவைத்து, அழுத்தாமல், ஒரே ஒரு இழுப்பு. புரட்டிப் போட்டு இன்னொன்று. ஷட்டருக்கு அடியில் வந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நடுவில் மை சுத்தமாகப் போயிருந்தது. அடியிலும் நுனியிலும் போட்டது போட்டபடி இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி தீட்டி, மறுபடி இழுத்தான். அதே கதை. கல்லைத் திருப்பி வைத்துப் பார்த்தான். கையை மாற்றிப் பார்த்தான். கத்தியின் வயிறு மட்டும்தான் கல்லைத் தொட்டது. அடியும் நுனியும் கல்லுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், அந்தரத்தில் நின்றன.

அவனுக்கு முதுகில் வியர்த்தது. கத்தி அவனுடையதில்லை. கல்லும் அவனுடையதில்லை. இரண்டும் அவன் மனைவி தமயந்தியின் அண்ணன், அவன் பாவா என்று கூப்பிடும் வேதாசலத்துடையவை. ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருபது வருஷத்துக்கு மேல் தொழில் செய்த மனிதர். நோயில் விழுந்து எழுந்த பிறகு தன் கை போய்விட்டது என்று கத்தியை மடித்து வைத்துவிட்டு இரண்டு மாதமாக வீட்டோடு இருக்கிறார். அவர் கத்தி கூராகாமல் போனதற்குக் காரணம் அவர் கை இல்லை. கல்லுக்கும் கத்திக்கும் ஒட்டாமல் போயிருக்கிறது. ஒட்டாமல் செய்தது பூபாலன்.

பூபாலனுக்குக் கல் பைத்தியம். சிலருக்குப் புறா, சிலருக்குச் சீட்டு, இவனுக்குத் தீட்டுக்கல். நகரிப் பக்கம் ஒரு சாவுக்குப் போனாலும் ஆற்றில் இறங்கி இரண்டு கல்லைப் பொறுக்கி வேட்டியில் முடிந்துகொண்டுதான் வருவான். கடப்பாக் கல் விற்கிற கடையில் உடைந்த துண்டுகளைக் கேட்டு வாங்குவான். போனில் வெளிநாட்டுக்காரர்கள் கத்தி தீட்டும் வீடியோக்களைப் பாஷை புரியாமலே பார்த்து, பார்சலில் ஒரு வெள்ளைக் கல்லையும் வரவழைத்தான். கல்லைக் கையில் எடுத்ததும் முதலில் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டுவான். நகம் எங்காவது துள்ளினால் உள்ளே மணல் இருக்கிறது, கத்தியின் வாயைக் கடித்துவிடும், வேண்டாம். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர். உடனே குடித்துவிடுகிற கல் பசியுள்ள கல். இரும்பை வேகமாகத் தின்னும், வாய் மழுங்கிப்போன கத்திக்கு ஆகும். தண்ணீரை முத்து மாதிரி மேலேயே உட்கார வைத்திருக்கிற கல்தான் நெருக்கமான கல். கடைசி மெருகுக்கு அது. இப்படி அவன் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த கற்கள் சமையலறை அலமாரி வரைக்கும் வந்துவிட்டன.

"மளிக சாமான் வெக்க எடம் இல்ல. எல்லாக் கல்லையும் வேகவெச்சுப் போட்டுட்றேன், துன்னுட்டுப் போங்க" என்பாள் தமயந்தி.

சலூனில் எல்லாருக்கும் பிளேடு மாட்டுகிற கத்திதான். ஆளுக்கு ஒரு புது பிளேடு, முடிந்தது வேலை. பழைய மடக்குக் கத்தியைக் கேட்டு வருகிறவர்கள் தனி. தாடி வைத்த பையன்கள் கழுத்தோரம் கோடு போட்டதுபோல் வேண்டும் என்று வருவார்கள். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் வீராசாமிக்கு பிளேடு பட்டால் தாடையெல்லாம் பொரிந்துவிடும். அவர் வாரம் ஒருமுறை பஸ் பிடித்து வருவார். அவர்களுக்காக பூபாலனிடம் மூன்று கத்திகள் இருந்தன. வேதாசலத்திடம் ஒன்றே ஒன்று. அதன் இரும்பில் சோலிங்கன், ஜெர்மனி என்று பொறித்திருக்கும். பக்கத்துச் சோளிங்கரில் செய்ததுதான், எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான் என்று வீராசாமி கிண்டல் செய்வார். அதற்கு ஒரே ஒரு கல். சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில், நாலு விரல் அகலத்தில், அரக்கோணத்தில் வாங்கியது.

அந்தக் கல்லில்தான் பூபாலனுக்குக் கண். கல்லின் மேல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். இத்தனை வருஷம் ஒரே கை தேய்த்துத் தேய்த்து நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. வீடியோக்காரர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒரே குரலாக இருந்தது பாஷை தெரியாமலே புரிந்தது. கல் சமமாக இருக்கவேண்டும், குழிந்த கல்லில் கத்தி தீட்டுவது பாவம். பூபாலன் தன் கற்களை மாதம் ஒருமுறை சமப்படுத்துவான். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவான். கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, அதன்மேல் கல்லைக் கவிழ்த்துத் தேய்ப்பான். மேடான இடத்தில் கோடு முதலில் அழியும். பள்ளத்தில் இருக்கிற கோடு கடைசி வரை நிற்கும். அதுவும் அழிந்தால் கல் சமம் என்று அர்த்தம். வேதாசலத்தின் கல்லையும் ஒருமுறை அப்படிச் செய்து தருவதாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான்.

"தொடாத பூபாலா. அந்தக் கல்லு என்னோட பேசிக்கினு கீது. நடுவுல நீ எதுக்கு?" என்பார் வேதாசலம்.

சித்திரை மாதம் ஒருநாள் காலையில், ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த வேதாசலத்தின் இடது கையிலிருந்து சீப்பு விழுந்தது. பூபாலன் எடுத்துக் கொடுத்தான். மறுபடி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ், திருவள்ளூர், அங்கிருந்து சென்னை. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், லேசான தாக்குதல்தான் என்றார்கள். வேதாசலம் மனைவியை இழந்தவர், மகன் குமரவேலுக்கு ஓசூரில் வேலை. ஆஸ்பத்திரியில் தமயந்தி இருந்தாள். பூபாலன் கடைக்கும் சென்னைக்கும் ரயிலில் அலைந்தான். கடையில் இருக்கிற நாளில் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. பாவா பிழைத்து வரவேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருக்க முடியாத ஆள் அவன். ஒரு மத்தியானம் அந்தக் கல்லை எடுத்துப் பென்சிலால் கோடு போட்டான். உப்புத்தாள் மூன்று கிழிந்தன. பள்ளத்தில் இருந்த கடைசிக் கோடு அழிந்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவா வந்து இதில் கத்தி வைத்ததும் அசந்துபோவார் என்று நினைத்தான். நான் சொன்னது சரிதானே என்று ஒரு தடவையாவது கேட்கலாம் என்றும் நினைத்தான். இரண்டும் சேர்ந்தேதான் இருந்தது.

வேதாசலம் திரும்பி வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். மறுநாள், அவரே கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று ஆசையாகக் காத்திருந்தான். கடைக்கு வந்து உட்காரத் தொடங்கிய முதல் வாரத்தில் வீராசாமி வந்தார். வேதாசலம் கல்லை நனைத்துக் கத்தியைத் தீட்டினார். இடையில் ஒருமுறை நிறுத்திக் கல்லைப் பார்த்தார். பூபாலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றான். அவர் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அப்போது காப்பியே வேறு ருசியாக இருந்தது, சொந்தச் செருப்பு வேறு யாருடையதோ போலிருந்தது. கல் வேறாகத் தெரிந்ததையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார் என்பது பூபாலனுக்கு இப்போதுதான் புரிகிறது.

அன்றைக்குக் கன்னத்தில் கத்தி போனது. மேல் உதட்டுக்கு வந்தபோது நுனி இழுத்தது. வீராசாமி முகத்தைச் சுளித்தார். இன்னொரு இழுப்பில் வாயோரம் ரத்தம் வந்துவிட்டது. படிகாரம் வைத்தும் நிற்கவில்லை, சட்டைக் காலர் வரைக்கும் இறங்கியது.

"பரவால்ல வேதாசலம், ஒண்ணும் இல்ல" என்றார் வீராசாமி. நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்த வாரம் வந்தபோது, கேட்காமலே பூபாலனுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

வேதாசலம் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, மடித்து, கல்லோடு சேர்த்து இழுப்பறையில் வைத்தார். "கை போயிடுச்சு பூபாலா" என்றார். மழை நின்றுபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னார். பூபாலனும் அதை நம்பினான். கல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. கை போன மனிதரிடம் உன் கல்லைச் சமப்படுத்தினேன் என்று பெருமை பேசுவது அசிங்கம் என்று நினைத்தான்.

அதற்குப் பிறகு வேதாசலம் முகத்தில் தாடி வளர்ந்தது. இந்த ஊரில் ஒருவன் தாடி வளர்த்தால் வேண்டுதலா என்று கேட்பார்கள். அவரும் ஆங் என்று சொல்லிவிடுவார். காலையில் கடை வழியாகப் போவார், உள்ளே பார்க்காமல். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டுக்கு வருவார். தட்டில் சோற்றைப் பிசையும்போது தன் கையைத் தானே உற்றுப் பார்ப்பார். அப்படி அவர் பார்ப்பதைப் பார்க்கும்போது பூபாலனுக்குச் சோறு இறங்காது.

நாளைக்கு வருகிறேன், வேதாசலம் கத்தியிலேயே எடுத்துவிடு, அதுதான் என் தோலுக்கு ஒத்துப்போகிறது என்று வீராசாமி போன் செய்யாமல் இருந்திருந்தால் இந்த மை தீட்டும் வேலையே நடந்திருக்காது. கத்தியை எடுத்துத் தீட்டினான். தன் கையிலும் அது கூராகவில்லை என்றதும்தான் முதல் சந்தேகம் வந்தது. பிறகு மை. பிறகு இந்த வியர்வை. இத்தனை வருஷம் அந்தக் கல்லின் குழிவில் படுத்துப் படுத்து, கத்தியின் வாயும் அதற்கேற்ப நடுவில் வயிறு தள்ளி வளைந்திருக்கிறது. கல்லின் பள்ளமும் கத்தியின் மேடும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக் கிடந்தன. அவன் ஒன்றை மட்டும் சமமாக்கிவிட்டான்.

சாயங்காலம் தமயந்தி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பூபாலன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஒங்க கல்லு பைத்தியத்துக்கு எங்க அண்ணன்தான் கெடச்சாரா?" என்றாள். நறுக்கினதை முறத்தில் தள்ளிவிட்டு, "சொல்லாதீங்க" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற? அவரு கை போயிடுச்சுன்னு நெனச்சிக்கினு கீறாரு. போவலியே!"

"போவலன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னிக்கு சொல்லுவீங்க. நாளைக்கு வந்து நாற்காலி பின்னால நிப்பாரு. பொழுதெனைக்கும் நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அது கூட போவட்டும். எவன் கழுத்துலனா கத்தி எறங்கிச்சுனா? நீங்க போயி பதில் சொல்லுவீங்களா, இல்ல ஒங்க கல்லு சொல்லுமா? இப்ப எப்டியோ மனசத் தேத்திக்கினு சும்மா இருக்காரு. இருக்கட்டும்."

"சும்மா இல்ல தமயந்தி. செத்துக்கினு கீறாரு."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க சொல்றது அவருக்காவயா, ஒங்க மனசு ஆறத்துக்கா?"

பூபாலன் எழுந்து குழாயடியில் போய் முகம் கழுவினான். அவள் கேட்டது சரியான கேள்வி என்பதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் வீராசாமிக்குத் தன் கத்தியிலேயே எடுத்து அனுப்பினான். அதற்கடுத்த நாட்களில் அவன் செய்த காரியத்தைக் கல் பைத்தியம் பிடித்தவன் மட்டும்தான் செய்வான். கல்லில் மறுபடி பள்ளம் தோண்டப் பார்த்தான். ஆற்றிலிருந்து கொண்டுவந்த உருண்டைக் கல் ஒன்றை எடுத்து, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நடுவில் வைத்துத் தேய்த்தான். குழிந்தது. மை தீட்டிக் கத்தியை இழுத்துப் பார்த்தால் இப்போது ஓரத்தில் மை போய் நடுவில் நின்றது. இன்னொரு இடத்தில் தேய்த்தான். மை இன்னொரு இடத்தில் நின்றது. ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் இழுத்த இழுப்பை ஒரு வாரத்தில் கள்ளத்தனமாக எழுதிவிட முடியுமா? கையெழுத்துப் போலியாகப் போடுகிறவனைப் போல அவனுக்கே வெட்கமாக இருந்தது. திரும்பவும் உப்புத்தாளை ஒட்டி எல்லாவற்றையும் சமமாக்கி வைத்தான்.

இன்னொரு வழியும் யோசித்தான். கத்தியின் வயிற்றைத் தேய்த்து நேராக்கிவிடலாம். தின்னும் கல் அவனிடம் இருக்கிறது. ஆனால் கத்தியைக் கையில் எடுத்ததும் மனசு வரவில்லை. அவரைக் கேட்காமல் ஒருதடவை தொட்டதற்கே இந்தக் கதி. எதையும் சொல்லாமல் தானே எப்படியாவது கூராக்கிக் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. அப்படிச் செய்தால், பூபாலன் கைக்கு வருகிறது என் கைக்கு வரவில்லை என்றுதான் அவர் நினைப்பார். அதைவிடக் கொடுமை வேறில்லை. சுற்றிச் சுற்றி வந்தாலும் வாயைத் திறப்பது ஒன்றுதான் மிச்சம். அது தன் மனசு ஆறுவதற்காக என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கடைசியில் முடிவு செய்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்குப் போனான். வேதாசலம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திருப்பதி போகிற வண்டி வந்து நின்று, மொட்டைத் தலைகளையும் மொட்டை போடப் போகிற தலைகளையும் மாற்றி ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"பாவா, கொஞ்சம் கடைக்கு வாங்க."

"இன்னா?"

"வாங்க, சொல்றேன்."

ஷட்டரைப் பாதி இறக்கி, கல்லையும் கத்தியையும் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு, பூபாலன் சொல்லத் தொடங்கினான். பென்சில் கோட்டிலிருந்து மை வரைக்கும் எதையும் விடவில்லை. வேதாசலம் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். முடித்ததும் கல்லை எடுத்து, அதன் முகத்தில் உள்ளங்கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நகர்த்தினார்.

"தொடாதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அப்றம்?"

"நல்லது பண்றதா நெனச்சேன் பாவா."

"எப்ப தெரிஞ்சது இது?"

"போன செவ்வாக்கெழம."

"இத்தினி நாளு வாயில இன்னா, கொழுக்கட்டையா?" குரல் உயர்ந்தது. பிறகு ஏதோ தோன்றி நிறுத்தினார். "தமயந்திக்குத் தெரியுமா?"

பூபாலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும். ஓம் மூஞ்சியே சொல்லுது. ரெண்டு பேரும் சேந்து என்ன உக்கார வெச்சிட்டீங்க." கல்லை மேஜைமேல் வைத்தார். கையை அவன் முன்னால் நீட்டினார். "நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா ஒனக்கு? சோத்த எடுத்து வாயில வெக்க சொல்லோ கூட இந்தக் கை மேல சந்தேகம். பஸ்ல கம்பியப் புடிச்சா சந்தேகம். ஒரு மனுசனுக்கு அவன் கையே அவன்து இல்லன்னா, வேற இன்னாடா கீது?"

பூபாலனுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நின்றான். அடிக்க மாட்டாரா என்றிருந்தது. வேதாசலம் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஸ்கெட்ச் பேனாவை எடுத்து நீட்டினார்.

"தீட்டு. பாக்கலாம்."

பூபாலன் தீட்டினான், மை காய்ந்தது. பிறகு அவர் கல்லை நனைத்து, கத்தியைப் படுக்கவைத்து, வழக்கமான நேர் இழுப்பு ஒன்று இழுத்தார். நடுவில் மை போனது. ஓரங்களில் நின்றது. வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கத்தியின் முதுகை விரலால் நீவினார். இரண்டாவது இழுப்பில் மணிக்கட்டை ஒரு துளி சாய்த்து, அடியைக் கல்லில் வைத்துத் தொடங்கி, இழுக்க இழுக்க உருட்டிக்கொண்டே போய் நுனியில் முடித்தார். அதிகம் போனால் ஒரு அரிசியின் உயரத்துக்குக் கை சாய்ந்திருக்கும். தூக்கிப் பார்த்தால் அடியில் மை இல்லை. நுனியில் பாதி இருந்தது. மூன்றாவது இழுப்பில் அதுவும் போய்விட்டது.

ஒரு வாரமாகப் பூபாலன் கல்லைக் குடைந்து தேடியது அந்த மணிக்கட்டில் இருந்தது. அவனுக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற பொறாமைகூட ஒரு கணம் வந்து போனது.

வேதாசலம் நிறுத்தவில்லை. போய் வந்து, போய் வந்து, கல் பால் மாதிரி சாம்பல் தண்ணீர் விட்டது. அவர் முதுகு நிமிர்ந்தது. சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் கரகரப்பு, பிறகு முனகல், கடைசியில் ஒன்றுமே இல்லை. கத்தியைக் கழுவி, சுவரில் தொங்கிய தோல்வாரை பூபாலன் இழுத்துப் பிடிக்க, அதில் ஏற்றி இறக்கினார். முன்கையில் வைத்தார். அடி, நடு, நுனி மூன்றிலும் ரோமம் தானாக உதிர்ந்தது.

"உக்காரு" என்றார்.

"பாவா?"

"கத்தி கல்லுல நல்லா இருந்தா ஆச்சா? மூஞ்சில பாக்கணும். இங்க வேற யாரு கீறாங்க?"

எவன் கழுத்துலனா கத்தி எறங்கிச்சுனா என்று தமயந்தி கேட்டது பூபாலன் காதில் விழுந்தது. அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. கல் என்னவாயிற்று என்று அவனுக்குத் தெரியும். கை என்னவாயிற்று என்பது அவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு முகம் வேண்டும். வீராசாமியின் முகத்தை அதற்குக் கொடுக்க முடியாது. அவன் போய் வேதாசலத்தின் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தான்.

அவர் துணியைப் போர்த்திவிட்டு, பிரஷ்ஷால் நுரை போட்டார். வலது கன்னத்தில் கத்தி இறங்கியது. கோரைப்பாயில் விரல் ஓடுகிற சத்தம். வலி இல்லை, இழுப்பு இல்லை. கன்னம், தாடை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மேல் உதட்டுக்கு வந்தபோது பூபாலன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நுனி வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியில் வேதாசலத்தின் முகம் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, பசியாறுகிற குழந்தையின் முகம். பூபாலனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாளைக்கே வீராசாமிக்குப் போன் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கழுத்துதான் பாக்கி. கன்னத்துக்குக் கீழே எலும்பு இருக்கிறது, தோல் தானாக நிற்கும். கழுத்து அப்படியில்லை; இடது கை இழுத்துப் பிடித்தால்தான் கத்தி போக வழி கிடைக்கும். வேதாசலத்தின் இடது கட்டைவிரல் அவன் காதுக்குக் கீழே வந்து பதிந்தது. இழுத்தது. நுரையில் வழுக்கியது. விரலைத் துண்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். வழுக்கியது. படிகாரத் துண்டை எடுத்து விரலில் தேய்த்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை விரல் நின்றது. ஆனால் அழுத்தம் ஒரு சீராக இல்லை. ஒரு கணம் நகம் பதிகிற மாதிரி, அடுத்த கணம் விரல் அங்கே இருக்கிறதா என்றே தெரியாத மாதிரி. எவ்வளவு இழுக்கிறோம் என்று அந்த விரலுக்குத் தெரியவில்லை. கத்தி தொண்டைக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து, அப்படியே நின்றது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பூபாலன் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான்.

"கல்லு மட்டும் இல்ல பூபாலா" என்றார் வேதாசலம். குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. தன் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லலாம். பொய்யாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். இன்றைக்கு இது போதும் பாவா என்று எழுந்து துடைத்துக்கொள்ளலாம். அவர் மறுக்க மாட்டார். கத்தியை மடித்து வைப்பார், ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போவார். இரண்டும் பூபாலனின் வாய் வரைக்கும் வந்தது. இரண்டையும் சொல்லவில்லை. போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து தன் கையை வெளியே எடுத்தான். இரண்டு விரலைக் காதுக்குக் கீழே ஊன்றி, தன் கழுத்துத் தோலைத் தானே மேல்நோக்கி இழுத்துப் பிடித்தான்.

"இவ்ளோ போதுமா பாவா?"

வேதாசலத்தின் பார்வை தன் கட்டைவிரலிலிருந்து அந்த இரண்டு விரலுக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றார் வேதாசலம். "ஆங். அப்டியே. ஆட்டாமப் புடி."

கத்தி தொண்டையில் வந்து உட்கார்ந்தது. சில்லென்றிருந்தது. அப்போது வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, கடை உண்டா என்று தெலுங்கில் கேட்டார்கள். இன்னொரு தரமும் தட்டினார்கள். உள்ளே இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் தொண்டை அசையக் கூடாது, மற்றவர் மூச்சே விடவில்லை.